ஒட்டு மென்பொருளும் உலகச் சந்தையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமொன்றில், ஓசூர் வட்டாரத்தைச் சேர்ந்த வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இம்முகாமில் கிணறு, சாலை, குடிநீர் ஆகியவை பற்றி நேற்று முழுவதும் பேசப்பட்டது. இன்று நமக்கு அளிக்கப்பட்டுள்ள பொருளோ, எடை போட இயலாத ஒரு சரக்கை, வண்டி கட்டிச் செல்ல இயலாத ஒரு சந்தையில் விற்பது பற்றியதாகும். கணிப்பொறியில் இயங்கும் பெரிய மென்பொருள்களுக்குத் துணையாகச் சிறு சிறு இணைப்புகளை எழுதி, அவற்றை இணையத்தின் வழியே உலகெங்கும் விற்பதே அத்தொழில். இதற்கும் ஊராட்சிக்கும் என்ன உறவு என்று தாங்கள் வினவலாம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் அலுவலகத்திற்கு வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னால் உறவு விளங்கும்.

அவர் இரண்டு ஏக்கர் மாந்தோப்புக்கு உரியவர். மஞ்சள் பையில் பட்டாவின் நகலையும் பழைய பத்திரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். இவற்றை ஈடாக வைத்தால் எந்த வங்கி விரைவில் இரண்டு லட்சம் ரூபாய் கொடுக்கும் என்பதே அவர் கேள்வி. மகளின் திருமணமா என்று வினவினோம். இல்லை என்றார். அவர் மகன் பி.சி.ஏ. படித்துவிட்டு, ஓசூர் சிப்காட்டில் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறான். இரவு நேரங்களில் கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்றைச் செய்து முடித்திருக்கிறான். அதனை உலகச் சந்தையில் ஏற்றிவிடுவதற்கு எல்லைக்கு அப்பால் ஒரு ஆள் இரண்டு லட்சம் கேட்கிறார். ஒரு வாரத்திற்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்கிறார். "பையன் கெட்டிக்காரன் சார், ஆனா எனக்கு அது என்னன்னே வெளங்கல" என்று முடித்தார்.

பத்திரத்தை மடித்துப் பையிலேயே வைத்துக்கொள்ளுமாறு கூறி, மறுநாள் மகனை அழைத்து வரச் செய்தோம். நமக்கும் அத்துறையில் அப்போது அறிவு குறைவே. அவ்விளைஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பின்னர் விசாரித்து உறுதி செய்துகொண்டதுமே இவ்வுரையின் பெரும்பகுதி.

அவர் செய்திருந்தது என்ன என்பதை அறிய, நம் வட்டாரத்தின் தொழில் நிலையைச் சிறிது நினைவுகூர வேண்டும். சிப்காட் நிறுவனம் 1971ஆம் ஆண்டில் தோன்றியது. ஓசூரில் அது அமைத்த வளாகத்தையொட்டி, 1980ஆம் ஆண்டு வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும், பின்னர் டைட்டன் கடிகார ஆலையும் வந்தன. பெரிய ஆலைகளை நம்பிச் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. இப்பட்டறைகளில் பல தம் சொந்தச் சரக்கைச் செய்வதில்லை. வேறொருவர் அனுப்பும் வார்ப்பைக் கடைந்து, துளையிட்டு, முலாம் பூசித் திருப்பி அனுப்புகின்றன. இதனை ஜாப் ஒர்க் என்று நம் ஊர்ச் சிறுவரும் சொல்வர். சரக்கு ஒருவருடையது, கூலி மட்டுமே பட்டறைக்கு உரியது.

ஜி.எஸ்.டி. சட்டத்தில் இதற்குத் தனி விதிகள் உண்டு. வரி செலுத்தாமல் ஜாப் ஒர்க்கிற்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிடில், அனுப்பிய நாளிலேயே அதனை விற்றதாகக் கருதி வரி கேட்பர். இன்னொரு விதி எல்லைப்புறத்தில் வாழும் நமக்கே பெரும் தொல்லையாக அமைந்தது. தமிழ்நாட்டிற்குள் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லும் சரக்கிற்கு, அதன் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில் வேண்டும். ஆனால் ஒரு மாநிலத்தில் உள்ளவர் வேறு மாநிலத்தில் உள்ள பட்டறைக்கு ஜாப் ஒர்க்கிற்காக அனுப்பினால், மதிப்பு எவ்வளவு சிறிதாயினும் இ-வே பில் கட்டாயம். ஓசூர்ப் பட்டறைக்கு வேலை கொடுப்போரில் பலர் பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் இருக்கின்றனர். ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகம். ஆயிரம் ரூபாய் பெறாத ஒரு கூடைத் திருகாணிக்கும் அத்தாளின்றி வண்டி நகரக் கூடாது.

உலக நாடுகள் அனைத்திற்கும் பொதுவாகக் கணக்கு மென்பொருள் எழுதும் பெரிய நிறுவனம், அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே ஒரு கூடைத் திருகாணி படும் பாட்டை எவ்வாறு அறியும்? நம் இளைஞர் நாள்தோறும் அதனை அறிந்தவர். ஆதலின், தம் பட்டறையில் பயன்படும் கணக்கு மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் ஓர் இணைப்பை எழுதினார். எந்தச் சலானில் எத்தனை உருப்படி வந்தது, எத்தனை திரும்பியது, எத்தனை கழிவாயிற்று, ஓராண்டு முடிய எத்தனை நாள் உள்ளது, எந்தச் சரக்கு எல்லை தாண்டுவது என்பவற்றை அது கணக்கிட்டு, நாள் நெருங்கும்போது எச்சரிக்கை விடுக்கிறது. அவ்வளவே. ஆயினும், ஒரு சலான் காணாமற் போனதற்காகக் கூலியை இழந்த பட்டறைக்காரருக்கு அதன் அருமை தெரியும்.

இத்தகைய பொருளை ஆட்-ஆன் என்றும், எக்ஸ்டென்ஷன் என்றும், பிளகின் என்றும் அத்தொழிலில் உள்ளோர் அழைக்கின்றனர். நாம் இதனை ஒட்டு மென்பொருள் என்போம். சந்தூர் நாற்றங்கால்களில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைத் தாங்கள் அறிவீர்கள். வேர்ச்செடி ஒன்று, மேலே கட்டும் கிளை வேறொன்று. வேர் நீரை இழுத்துக் கொடுக்க, கிளை தன் குணப்படி காய்க்கிறது. இங்கே வேர்ச்செடி பெரிய நிறுவனத்தின் மென்பொருள். கிளை நம் இளைஞருடையது. வேர்ச்செடி தன் உள்ளேயுள்ள தகவலை ஏ.பி.ஐ. எனப்படும் ஒரு வாயிலின் வழியே மட்டும் வெளிவிடும். ஏரி மதகைப் போன்றது அது. எவ்வளவு திறக்கலாம், நாளொன்றுக்கு எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கெல்லாம் முறை உண்டு. முறை மீறினால் மதகு மூடப்படும்.

ஒட்டு மென்பொருள்களை ஒரே இடத்தில் காட்சிக்கு வைத்து விற்கும் இணையச் சந்தைகள் தோன்றி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ஆப்எக்ஸ்சேஞ்ச் என்னும் சந்தையைத் திறந்தது. 2008இல் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிச் செயலிச் சந்தை வந்தது. 2012இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் தன் சந்தையை அமைத்தது. நம் நாட்டிலும் இம்முயற்சிகள் குறைந்தவை அல்ல. 1986இல் பெங்களூரில் தோன்றிய டேலி நிறுவனம், தன் கணக்கு மென்பொருளில் பிறர் மாறுதல் செய்துகொள்வதற்கென்றே டி.டி.எல். என்னும் ஒரு தனி மொழியைக் கொடுத்துள்ளது. அம்மொழியைக் கற்று, ஊருக்கு ஊர் பில் வடிவங்களை மாற்றிக் கொடுத்துப் பிழைப்போர் பலர். 1996இல் தொடங்கி இப்போது ஜோஹோ என்று வழங்கும் நிறுவனமும், 2010இல் சென்னையில் தோன்றிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனமும் தத்தமக்கெனச் சந்தைகளை நடத்துகின்றன. ஜோஹோவின் டெஸ்க் என்னும் மென்பொருள் தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக் கிராமத்தில் உருவானது என்பதை, சிற்றூரில் இருந்துகொண்டு இது இயலுமா என ஐயுறுவோர் நினைவில் கொள்ளலாம்.

சந்தையில் சரக்கு வைக்கும் முறை கடினமானதன்று. எழுதுவோர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொருளைச் சந்தைக்காரர் சோதித்துப் பார்ப்பர். குறை இருப்பின் திருப்பி அனுப்புவர். சரியாயின் விளக்கமும் படமும் விலையும் குறித்துக் காட்சிக்கு வைப்பர். வாங்குவோர் சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ செலுத்துவர். நம் இளைஞர் நாடிய சந்தையில் பதிவுக் கட்டணமே இல்லை. கட்டணம் வாங்கும் சந்தைகளிலும் அது பெருந்தொகையன்று. கூகுளின் கைப்பேசிச் செயலிச் சந்தையில் ஒரே முறை 25 டாலர், ஆப்பிள் சந்தையில் ஆண்டுக்கு 99 டாலர். அவ்வாறாயின் அந்த இரண்டு லட்சம் எதற்கு? நம் அலுவலகத்தில் அமர்ந்தபடியே அவ்விளைஞர் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார். அதற்கு அரைமணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. அவர் தந்தை பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இடைத்தரகரை நாம் அறியோம். அவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவும் இல்லை. ஆனால் இத்தகையோர் எல்லைப்புறத்தில் பலர் உலவுகின்றனர் என்பதையும், படித்த பிள்ளையின் ஆசையும் படிக்காத தந்தையின் அச்சமுமே அவர்களுக்கு முதலீடு என்பதையும் ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, சற்று விரிவாகவே பேச வேண்டிய பகுதிக்கு வருகிறோம். பதிவு இலவசம் என்பதனால் சந்தையே இலவசம் என்று எண்ணிவிடலாகாது.

உழவர் பெருமக்களாகிய தங்களுக்குச் சந்தையின் இயல்பை நாம் சொல்ல வேண்டியதில்லை. தரகும் எடைக் குறைவும் தாங்காமல் விவசாயி தவித்த காலத்தில்தான் 1933ஆம் ஆண்டுச் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டம் பிறந்தது. அச்சட்டப்படி முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936இல் திருப்பூரில் பருத்திக்காக ஏற்பட்டது. 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. நம் ஓசூர் உழவர் சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்வோர் இக்கூட்டத்திலும் இருக்கின்றனர். இவற்றில் எல்லாம் தராசும் விதியும் விற்பவனுடையதுமன்று, வாங்குபவனுடையதுமன்று. மூன்றாவதான ஓர் அதிகாரத்தின் பார்வையில் உள்ளவை. இணையச் சந்தையில் நிலைமை வேறு. அங்கே களமும், தராசும், விதியும், சில வேளைகளில் போட்டிக் கடையும் ஒருவருக்கே உரியவை.

தரகையே எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் தன் சந்தையில் நெடுங்காலம் நூற்றுக்கு 30 வாங்கியது. 2021 முதல் ஆண்டு வருவாய் பத்து லட்சம் டாலருக்கு உட்பட்ட சிறு விற்பனையாளருக்கு 15 எனக் குறைத்தது. சேல்ஸ்ஃபோர்ஸ் சந்தையில் 15 என்பது நெடுநாள் வழக்கம். இணையக் கடைகளுக்கு மென்பொருள் அளிக்கும் ஷாப்பிஃபை, 2021இல் ஆண்டுதோறும் முதல் பத்து லட்சம் டாலர் வருவாய்க்குத் தரகே இல்லை என்று அறிவித்தது. எழுதுவோர் மகிழ்ந்தனர். 2025இல் அந்தச் சலுகை ஆண்டுதோறும் அன்று, வாழ்நாளில் ஒரே முறைதான் என மாற்றப்பட்டது. ஓசூரில் இருந்து விற்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்பது எட்டாத தொலைவுதான். ஆயினும், ஒரு விதி யார் கையில் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

விதி மாறினால் கட்டணம் மட்டுமே மாறும் என்பதில்லை. வேர்ச்செடியே பிடுங்கப்படுவதும் உண்டு. அட்லாசியன் மென்பொருளை வாங்குவோர் அதனைத் தம் சொந்த இயந்திரத்தில் நிறுவிக்கொள்ளும் முறை பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. சிறு நிறுவனங்கள் பெரிதும் நாடிய அம்முறையை நிறுத்தப்போவதாக 2020 அக்டோபரில் அந்நிறுவனம் அறிவித்தது. 2021 பிப்ரவரியில் புது விற்பனையையும், 2024 பிப்ரவரி 15ஆம் நாள் பழைய மென்பொருளுக்கான ஆதரவையும் நிறுத்தியது. அம்முறைக்கென்று ஒட்டு எழுதிய உலகெங்கிலுமுள்ள சிறு நிறுவனத்தார், இணையத்தில் இயங்கும் புதுமுறைக்கேற்பத் தம் சரக்கைத் திரும்ப எழுத நேர்ந்தது. மூன்றாண்டு அவகாசம் இருந்தது என்பது உண்மை. நம் மாந்தோப்பில் மரத்தை வெட்டிவிட்டு வேறு வகை நடுவதற்கும் அவ்வளவு காலம் போதாது.

வேறொரு தொல்லையும் உண்டு. ஒட்டு நன்றாகக் காய்த்தால், அக்காயை வேர்ச்செடியே காய்க்கத் தொடங்கலாம். 2002இல் ஆப்பிள் தன் கணிப்பொறியில் ஷெர்லாக் என்னும் தேடு கருவியைப் புதுப்பித்தபோது, வாட்சன் என்ற பெயரில் வெளியார் ஒருவர் விற்றுவந்த மென்பொருளின் வேலையை அதுவே செய்யலாயிற்று. அதன்பின் இவ்வாறு நேர்வதற்கு 'ஷெர்லாக் செய்தல்' என்ற சொல்லே அத்தொழிலில் நிலைத்துவிட்டது. நம் இளைஞருக்கும் இவ்வச்சம் உண்டா என்று கேட்டோம். "ஜாப் ஒர்க் விஷயத்தை அவங்களே எழுதிட்டா என் கடையை மூட வேண்டியதுதான் சார், ஆனா எழுதறதுக்கு முன்னாடி நான் அடுத்ததை எழுதிடணும்" என்றார்.

சந்தை உரிமையாளரின் வலிமைக்கு நம் மாநிலத்துப் பெயர்பெற்ற நிறுவனமே சான்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியின் செயலிகளை, கட்டணத் தகராறின் காரணமாக, கூகுள் 2024 மார்ச் 1ஆம் நாள் தன் சந்தையிலிருந்து நீக்கியது. வேறு சில இந்திய நிறுவனங்களின் செயலிகளும் உடன் நீக்கப்பட்டன. மத்திய அரசு தலையிட்ட பின்னர்ச் சில நாட்களில் அவை மீண்டும் இடம்பெற்றன. கூகுளின் கட்டண முறைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 936 கோடி ரூபாய் அபராதம் விதித்திருந்தது. மேல்முறையீட்டில் அது 2025 மார்ச்சில் 216 கோடியாகக் குறைக்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் வழக்காடலாம், அமைச்சரைக் காணலாம். இரண்டு ஏக்கர் தோப்புக்காரரின் மகன் எங்கே செல்வான்?

இவ்வளவும் கூறுவது இளைஞர்களை அச்சுறுத்துவதற்காக அன்று. தந்தையர் நிலத்தை ஈடு வைக்காதிருப்பதற்காகவே கூறுகிறோம். இத்தொழிலுக்கு வேண்டிய முதல் பெரும்பாலும் காலமும் உழைப்புமே. ஒரு கணிப்பொறி, தடைபடாத இணைய வசதி, ஓராண்டு பொறுமை ஆகியவை இருந்தால் தொடங்கலாம். கையில் உள்ள வேலையை விடாமல் தொடங்குவதே அறிவுடைமை என்பது நம் கருத்து. வேலையில் இருந்தபோதுதானே அந்தச் சலானின் தொல்லையை அவர் கண்டார்?

முதல் விற்பனை உலகச் சந்தையில் நிகழும் என்று காத்திருப்பதும் தவறு. நம் இளைஞரின் பொருள் காட்சிக்கு வந்த முதல் மூன்று மாதங்களில் ஒருவரும் வாங்கவில்லை. பின்னர் அவர் ஞாயிறுதோறும் இருசக்கர வண்டியில் பட்டறை பட்டறையாகச் சென்று காட்டினார். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசத் தெரிந்திருந்தது இங்கே கை கொடுத்தது. பட்டறைக்காரர் நால்வர் வாங்கி, சந்தைப் பக்கத்தில் தம் கருத்தையும் எழுதினர். அதைப் படித்துத்தான் முகம் தெரியாத ஐந்தாமவர் கோயம்புத்தூரிலிருந்து வாங்கினார். விற்பது ஒருநாள் வேலை. அதன்பின் வாங்கியவரின் கேள்விக்கு விடை சொல்வது நாள்தோறும் உள்ள வேலை. ஓர் இரவில், வேர்ச்செடியான மென்பொருளில் ஏதோ மாற்றம் செய்யப்பட்டு, இவருடைய எச்சரிக்கைகள் அனைத்தும் நின்றுவிட்டன. பட்டறைக்கு இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அமர்ந்து சரிசெய்தார். வாங்கியவர் அனைவருக்கும் தாமே முந்திக்கொண்டு தகவல் அனுப்பியதால் ஒருவரும் விலகவில்லை. வாங்குவோரின் பெயரும் முகவரியும் சந்தைக்காரர் கையில் மட்டுமே இருந்திருப்பின் அதுவும் இயன்றிராது. ஆதலின், ஒப்பந்தம் இடந்தரும் அளவிற்கு வாங்குவோருடன் நேர்த்தொடர்பு வைத்துக்கொள்ளல் வேண்டும். அவ்வொப்பந்தத்தை, அது ஆங்கிலத்தில் எத்தனை பக்கம் இருப்பினும், ஒப்புதல் அளிக்குமுன் ஒருமுறை முழுதும் படித்தல் வேண்டும். தரகு எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும், நீக்குவதானால் முன்னறிவிப்பு உண்டா என்னும் மூன்றையேனும் தேடிப் பார்க்க வேண்டும்.

பிறர் கணக்கைத் தொடும் தொழில் இது என்பதால் நாணயமும் இன்றியமையாதது. தேவைக்கு மேல் ஒரு தகவலையும் எடுக்கலாகாது. தனிமனிதர் தகவலைக் காப்பதற்கென 2023இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியுள்ளது. வரியைப் பொறுத்தவரை, சேவை வழங்குவோரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கினால் ஒரு தணிக்கையாளரைக் கலந்துகொள்வது நன்று.

ஊராட்சிகளிடம் நாம் வேண்டுவது சிறிய உதவியே. கண்ணாடி இழை இணைப்பு வந்து சேர்ந்துள்ள ஊராட்சிகளில், சேவை மையக் கட்டிடம் மாலை 5 மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. அவ்வாறு கிடக்கும் ஒரு கட்டிடத்தை இரவு 9 மணிவரை படித்த பிள்ளைகளுக்குத் திறந்துவிட ஒரு பொறுப்பாளரையும், மின்தடை நேரத்திற்கு ஓர் இன்வெர்ட்டரையும் ஏற்பாடு செய்யத் தீர்மானம் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். பெண் பிள்ளைகளின் நலன் கருதி, அப்பொறுப்பாளர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது. பட்டறைகளிலும், மாங்கூழ் ஆலைகளிலும், மலர்ப் பண்ணைகளிலும் கணக்கு எழுதும் பிள்ளைகள் நம் ஊர்களில் பலர். ஒவ்வோர் இடத்திலும் பெரிய மென்பொருள் அறியாத ஒரு சலான் தொல்லை இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஓரிடம் வேண்டும்.

தம் வருவாய் எவ்வளவு என்பதை இந்த அவையில் வெளியிட அவ்விளைஞர் இசையவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. பட்டறை வேலையையும் அவர் இன்னும் விடவில்லை. சென்ற மாதம் அவர் தந்தை மீண்டும் நம் அலுவலகத்திற்கு வந்திருந்தார், அதே மஞ்சள் பையுடன். தோப்பிற்குச் சொட்டுநீர்ப் பாசன மானியம் பெற விண்ணப்பிக்க வேண்டுமாம். அதற்குப் பட்டா நகல் தேவைப்பட்டது. விண்ணப்பத்தைக் கணிப்பொறியில் மகனே நிரப்பிக் கொடுத்திருந்தார்.